மற்றவை என்று எழுதாதவர்

இதில் அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதாமல் விட்டதற்கே அவர் என்னைத் திட்டுவார். "பேர் இல்லாட்டி அது ஆர்? பேரை எழுதும்" என்பார். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. கோபத்தோடு ஒருவர் பெயரை அச்சில் ஏற்றுவது நன்றாக இருக்காது. அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில், சாலைத் திட்டங்கள் போடும் ஓர் அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். கீழே என்றாலும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. எனக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆஸ்துமாவோடு அப்பா. மிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயில்வேயில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிரிக்ஃபீல்ட்ஸில் தன் அப்பா கட்டிய வீட்டில் தாயாரோடு இருந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கறுப்புக் குடை, கைப்பையில் எப்போதும் சீவிய இரண்டு பென்சில். பேச்சு யாழ்ப்பாணத் தமிழ். கோபம் வந்தால் ஆங்கிலம். அதையும் மீறிப் போனால் மௌனம். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

எங்கள் வேலை, நாட்டில் உள்ள சாலைகளை எல்லாம் கணினிக்குள் ஏற்றி, சரக்கு லோரிகள் எந்த வழியாகப் போகும் என்று கண்டுபிடிப்பது. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு புள்ளி. இரண்டு சந்திப்புக்கு நடுவே உள்ள சாலை ஒரு கோடு. தூரம், நேரம், டோல், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விலை. துறைமுகத்தில் கிளம்புகிற லோரியை, எல்லாவற்றிலும் விலை குறைந்த வழியாகக் கணினி அனுப்பி வைக்கும். எந்தக் கோட்டில் லோரி குவிகிறதோ அந்தச் சாலையை அகலப்படுத்தலாம், இல்லையென்றால் பக்கத்தில் புறவழிச் சாலை போடலாம். சொல்வதற்கு இவ்வளவுதான். லோரி ஓட்டுகிறவர் எங்கள் கணினியைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவதில்லை என்பதுதான் தொல்லை.

மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். அவர் வாழ்நாளில் 'மற்றவை' என்று எழுதியதில்லை. எழுத விட்டதுமில்லை. 'முதலியன', 'இதர', 'இன்ன பிற' எல்லாம் அவருக்கு ஒரே குடும்பத்துத் திருடர்கள். அலுவலகத்தில் நிரப்புகிற பாரங்களில் கடைசிக் கட்டம் மலாயில் 'லாயின்-லாயின்' என்று இருக்கும். மற்றவை என்று பொருள். அதில் யாராவது டிக் போட்டுக் கொண்டுவந்தால் தாளைத் திருப்பி எங்கள் பக்கமே தள்ளிவிடுவார்.

"இது என்ன?"

"மற்றவை, மிஸ்."

"அது தெரியுது. என்ன மற்றவை?"

ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸ் கோவில் திருவிழா நோட்டீஸில் உபயகாரர் பெயர்களை வரிசையாகப் போட்டுவிட்டுக் கடைசியில் 'மற்றும் பலர்' என்று அச்சடித்துவிட்டார்கள். மிஸ் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு கமிட்டி அறைக்குப் போய், அந்தப் பலர் யார் யார் என்று கேட்டார். அதில் அவருடைய அம்மாவும் ஒருவர் என்பதால் கேட்கிறார் என்று நினைத்து, அந்த ஒரு பெயரை மட்டும் சேர்த்து ஒட்டித் தருகிறோம் என்றார்கள். "என்ர அம்மாவின்ர பேரை நான் கேக்கேல்லை. எல்லாற்றை பேரையும் கேக்கிறன்" என்றாராம். தேர் வருகிற வரை கமிட்டியில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இதைச் சொன்னது அவருடைய அம்மா. சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளியில் இருந்து பார்த்தால் சிரிப்புதான் வரும். அவரோடு வேலை செய்து பாருங்கள், தெரியும்.

அப்போது நாங்கள் கிள்ளானில், மேருவுக்குப் போகும் ஒரு சாலையை ஒட்டிக் குடியிருந்தோம். டோல் ரோடு திறந்தால் லோரிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும் என்று நம்பி அப்பா வாங்கிய வீடு. டோல் ரோடு திறந்தது. லோரிகள் போகவில்லை. துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலை உரசுகிற மாதிரிப் போய்க்கொண்டே இருந்தன. சுவரில் விரிசல். துவைத்த துணி காய்வதற்குள் கறுத்துவிடும். அப்பாவுக்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் என் மனைவி ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியை அடைப்பாள். எங்கள் அலுவலக வரைபடத்தில் அந்தச் சாலைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது. புறவழிச் சாலை. எங்கள் அறிக்கை சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அந்தப் பென்சில் கோடு அடுத்த திட்டத்தில் மைக்கோடாகிவிடும். எனக்கு வேண்டியது அந்த ஒரு கோடுதான். ஒவ்வொரு மாலையும் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்பாள்: "உங்க மிஸ் கையெழுத்துப் போட்டாங்களா?"

போடவில்லை. ஏனென்றால் கணினி, லோரிகள் டோல் ரோட்டில் போவதாகச் சொன்னது. சாலையில் நின்று எண்ணினால் எங்கள் வீட்டு வாசலில் போயின. இரண்டும் ஒத்துப்போனால்தான் அறிக்கை.

சக ஊழியர் ஒருவர் எளிய வழி சொன்னார். டோல் ரோட்டுக் கோட்டின் விலையில் கொஞ்சம் நேரத்தைக் கூட்டிவிட்டால் போதும், கணினி லோரிகளைத் தானாகவே எங்கள் சாலைக்குத் திருப்பிவிடும். எல்லா நாட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மிஸ் பென்சிலைக் கீழே வைத்தார். "அந்த நேரம் ஆர் காத்து நிண்ட நேரம்? டோல் ரோட்டில ஆராவது நிண்டவையோ?"

"யாரும் நிக்கல, மிஸ். கணக்கு ஒத்துப்போறதுக்காக."

"அப்ப அது மற்றவை. வேற பேரில வந்த மற்றவை."

சரி, டிரைவர்களையே கேட்டுவிடுவோம் என்று ஒரு பாரம் தயாரித்தோம். நானும் அவரும்தான் உட்கார்ந்து எழுதினோம். எங்கே போகிறீர்கள், என்ன சரக்கு, ஏன் இந்த வழி. ஏன் என்பதற்குக் கட்டங்கள்: தூரம் குறைவு, வேகம், டோல் இல்லை, முதலாளி உத்தரவு. கடைசியில் லாயின்-லாயின். அதை வைக்கக் கூடாது என்றுதான் மிஸ் சொன்னார். அச்சடித்தவர் வழக்கம்போலச் சேர்த்துவிட்டார். கல்லூரி மாணவர்களுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்து, துறைமுகத்திலிருந்து வெளியே வரும் பாலத்தருகே நிறுத்தி லோரிகளை மடக்கிக் கேட்கவைத்தோம்.

பாரங்கள் வந்தன. எங்கள் சாலை வழியாகப் போன டிரைவர்களில் பெரும்பாலோர் டிக் போட்டிருந்த கட்டம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மிஸ் அந்தக் கட்டைக் கடைசித் தாள் வரை புரட்டினார். பிறகு குடையை எடுத்தார். "வாரும், போவம்" என்றார்.

பாலத்தருகே மாணவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் போன நேரத்தில் ஒரு லோரியை நிறுத்தினார்கள். தமிழ் டிரைவர். மாணவன் மலாயில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. பாரத்தை வாங்கிக் கடைசிக் கட்டத்தில் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். தமிழ் முகங்களைக் கண்டதும் வாய் திறந்துவிட்டது.

"ஏம்ப்பா, நீங்கல்லாம் தமிழாளுங்கதான? வண்டிய எடுக்குறப்பவே எங்க போறன்னு கேட்டா வெளங்குமாலா? இப்ப நான் அங்க போயி ரெண்டு பழம் நசுக்கிட்டுத்தான் போவணும்."

அவர் போய்விட்டார். நானும் மிஸ்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வீட்டில் யாராவது வெளியே கிளம்பினால் எங்கே போகிறாய் என்று நாங்கள் கேட்டதே இல்லை. என் அம்மா இருந்தவரை, தப்பித் தவறிக் கேட்டுவிட்டால் கிளம்பியவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் மறுபடி அனுப்புவார். மிஸ் வீட்டிலும் அப்படித்தானாம். ஆனால் ஆங்கிலத்தில் யோசித்து மலாயில் அச்சடித்த பாரத்தில் அதையே முதல் கேள்வியாக வைத்தபோது எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை. படித்த முட்டாள்கள் என்று வேறு யாரைச் சொல்வது?

காரில் லோரியின் பின்னாலேயே போனோம். அது நேராக எங்கள் வீட்டுச் சாலைக்குத்தான் வந்தது. எங்கள் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு முனியாண்டி கோவில் உண்டு. தகரக் கூரை, ஒரு சூலம், ஒரு பெரிய மரம். டிரைவர் சாலையிலேயே வண்டியை நிறுத்தினார்; ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுப் போனார். அந்த இடத்தில் சாலை முழுக்க நசுங்கிய பழங்கள். நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தேன். லோரி எங்கள் சாலைக்கு வருவதால்தான் அங்கே நிறுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே நிறுத்துவதற்காகத்தான் எங்கள் சாலைக்கே வருகிறார்கள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

மரத்தடியில் கூடையோடு ஓர் அக்கா பழம் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தவர்தான். மிஸ் அவர் பக்கத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சி போட்ட சேலை அழுக்காவதைப் பற்றிக் கவலையே படாமல், விசாரிக்க ஆரம்பித்தார்.

"தூரப் பயணம் போற வண்டி எல்லாம் இங்க நின்னுட்டுத்தாம்மா போவும்" என்றார் அக்கா. "சீனவங்களும் நிறுத்துவாங்க. மலாய்க்காரவங்க பக்கத்துல நாசி லெமாக் சோத்துக் கடைக்கி வருவாங்க. போன மாசத்துலேருந்து வெள்ளச் சட்டப் புள்ளைங்க பாலத்துக்கிட்ட நின்னு மடக்குறாங்கள்ல? அதுலேருந்து எனக்குப் பழம் பத்தல. அக்கா, கெளம்புறப்பவே கேட்டுட்டானுங்க, நாலாக் குடுன்னு வந்து நிக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லோரிகள் ஏன் இந்தப் பக்கம் வருகின்றன என்று கேட்கப்போய், கேட்டதாலேயே இன்னும் கொஞ்சம் லோரிகளை இந்தப் பக்கம் அனுப்பிவைத்திருக்கிறோம். மிஸ் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, பாரத்தில் லாயின்-லாயின் என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, பயணத்துக்கு முன் முனியாண்டி வழிபாடு என்று எழுதினார். அடுத்த வரியில் நாசி லெமாக். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பும்போது காரில் அவராகவே சொன்னார். "பள்ளிக்கூடத்தில சேரேக்க ஒரு பாரம் தந்தவை. மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின். அப்பா சிலோன் தமிழர் எண்டு சொன்னவர். கிளாக்கர் யோசிக்கவே இல்லை. கடைசிக் கட்டத்தில டிக் போட்டிட்டார். அண்டையில இருந்து நான் மற்றவை."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்குப் பிரியமாக இருந்தது. அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

அறிக்கை எழுதினார். அருமையான அறிக்கை, இதை நான் மறுக்கவே மாட்டேன். கணினியில் கோவிலுக்கு ஒரு புள்ளி வைத்து, தூரப் பயணம் போகிற லோரிகள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எழுதியதும், கணக்கும் சாலையும் அப்படியே பொருந்திவிட்டன. புறவழிச் சாலை வேண்டும். அதோடு கோவில் அருகே, புதுச் சாலையிலிருந்தே நுழைந்து லோரிகள் ஒதுங்கி நிற்க ஓர் இடமும் வேண்டும் என்று முடித்திருந்தார். காரணம் என்ற இடத்தில், எந்த ஒளிவு மறைவும் இல்லாமல், முனியாண்டி.

மேலிடக் கூட்டத்தில் சிரித்தார்களாம். சாமிக்குப் பழம் நசுக்க அரசாங்கம் இடம் ஒதுக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டாராம். எங்கள் டைரக்டர் நல்ல மனிதர். திரும்பி வந்து மிஸ்ஸின் மேசை அருகே நின்றுகொண்டு, கெஞ்சாத குறையாக, "துலிஸ் சாஜா லாயின்-லாயின்" என்றார். சும்மா மற்றவை என்று எழுதிவிடு; நிறுத்துமிடத்தை எடுத்துவிடு; புறவழிச் சாலையை நான் வாங்கித் தருகிறேன்.

"எழுதேலாது" என்றார் மிஸ்.

அவர் தமிழில் சொன்னது டைரக்டருக்குப் புரியாது. ஆனாலும் புரிந்துகொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். "மிஸ், ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. எங்கப்பா மூச்சு விட முடியாம உக்காந்துருக்காரு. நீங்க வார்த்தைய பாத்துக்கிட்டிருக்கீங்க."

"விளங்குது."

"வெளங்கலை. வெளங்குனா எழுதியிருப்பீங்க."

"மற்றவை எண்டு எழுதிப் புது ரோட்டைப் போட்டால் லோரி அதில போகுமே? முனியாண்டி இங்க இருக்கேக்க? அவை சுத்தி இங்கதான் வருவினம். பிறகு ரோடும் போச்சு, காரணமும் போச்சு."

"பாதி லோரியாவது போவும்ல?"

"எந்தப் பாதி?" என்று கேட்டார்.

உண்மையாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கணக்குத் தெரிந்த எனக்கு அது தெரியாதா? சரியாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்வது? வீட்டுக்குப் போய் மனைவியிடம், மிஸ் சரியாகச் சொல்லிவிட்டார், இனி ஈரத்துணியை எடுத்துவிடு என்றா சொல்வது?

அறிக்கை திரும்பி வந்தது. திட்டம் முடிவானது. எங்கள் பென்சில் கோடு அழிந்து, காஜாங் பக்கத்தில் வேறு ஒரு கோடு மையானது. அன்றைக்கு மாலை மனைவி கேள்வி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு மிஸ்ஸோடு வேலை பேசினேன். வேறு எதுவும் பேசவில்லை. கோப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன்.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் அது நடந்தது. கோவிலுக்கு முன்னால் ஒரு லோரி நின்றுகொண்டிருந்தது. எலுமிச்சைக்கார அக்கா எப்போதும்போல டிரைவருக்கு உதவியாகச் சக்கரத்தின் அடியில் பழம் வைக்கக் குனிந்திருக்கிறார். பின்னால் வந்த இன்னொரு லோரி, ஒதுங்க இடம் இல்லாமல், நின்ற வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே நுழைந்துவிட்டது. சத்தம் கேட்டு என் மனைவி ஓடியிருக்கிறாள். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் அக்கா போய்விட்டார். என் மனைவியின் புடவை முழுக்க எலுமிச்சை வாசனை. அந்தப் புடவையை அவள் பிறகு கட்டவே இல்லை.

சாலை விபத்துப் பாரங்களின் நகல் எங்கள் அலுவலகத்துக்கு மொத்தமாக வரும். அந்தக் கட்டும் வந்தது. மிஸ் வழக்கம்போல ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றில் நின்றுவிட்டார். நான் எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் வேகம், குடி, பிரேக், மழை என்று கட்டங்கள். எல்லாம் காலி. கடைசிக் கட்டத்தில் மட்டும் டிக்.

லாயின்-லாயின்.

"இது அந்த அக்காவோ?" என்று கேட்டார்.

"ஆமா, மிஸ்."

வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவரிடம் சொல்வதற்கென்று வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்று தொடங்கி வரிசையாக, நல்ல கூர்மையாக, அவர் தூங்க முடியாத மாதிரி. வாயைத் திறந்தேன்.

மிஸ் கைப்பையைத் திறந்தார். பென்சிலை எடுக்கவில்லை. உள்ளே துழாவி ஒரு பேனாவை எடுத்தார். அவரிடம் பேனா இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். லாயின்-லாயின் என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் பொடி எழுத்தில் எழுதினார்.

லோரி ஒதுங்கி நிற்க இடம் இல்லை.

இடம் கேட்ட அறிக்கை ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

ஏற்றுக்கொள்ளும்படி மாற்றி எழுத மறுத்தவர், என்று எழுதி, அதன் கீழே தன் பெயரை எழுதினார். இனிஷியல் போடவில்லை. தகப்பனார் பெயர், தன் பெயர், பதவி, எல்லாம் முழுதாக. பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

"எழுத்து விளங்குதோ?"

"வெளங்குது, மிஸ்" என்றேன்.

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவரே எழுதிவிட்டார். திட்டக்கூட இடம் வைக்காத மனுஷி.